பிளஸ் டூ முடித்து ஜெர்மனியில் இளங்கலை: விதி என்ன, செலவு என்ன?

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்." எந்தக் கன்சல்டன்சி வாசலில் பார்த்தாலும் இந்த போர்டு தொங்குகிறது. சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பெரும்பாலும் பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். போகிறவர்களை நினைத்து எழுதிய வரி அது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயத்தை யாரும் போர்டில் எழுதுவதில்லை: நம் ஊர் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேராகச் சேர முடியாது.

அங்கே பள்ளியிறுதித் தேர்வுக்கு அபிட்டூர் என்று பெயர். அதற்குச் சமமாக நம் பிளஸ் டூவை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. மாநிலப் பாடத்திட்டமானாலும் சிபிஎஸ்இ ஆனாலும் இதுதான் நிலை. இந்தக் குறையை ஈடுகட்ட மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி ஜேஇஇ அட்வான்ஸ்டு. அதில் தகுதி பெற்றவர்கள் பொறியியல், இயற்கை அறிவியல் பாடங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஐஐடியில் இடம் கிடைக்காத அளவுக்கு ரேங்க் பின்னால் போனவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாவது வழி, இங்கேயே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் முதலாண்டை முடிப்பது. எடுத்த பாடத்துக்கோ அதை ஒட்டிய பாடத்துக்கோதான் அங்கே போக முடியும். பி.காம். முதலாண்டு முடித்துவிட்டு மெக்கானிக்கல் கேட்டால் நடக்காது. முதலாண்டில் அரியர் வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதும் வீண் வேலை, வருடத்தை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஸ்டூடியன்கொல்லேக். அங்கே போய் இரண்டு செமஸ்டர் படிக்கும் ஆயத்த வகுப்பு இது. போகப்போகிற படிப்பைப் பொறுத்துப் பிரிவு மாறும்: பொறியியலுக்கு டி, மருத்துவம், உயிரியலுக்கு எம், பொருளாதாரத்துக்கு டபிள்யூ, இலக்கியம், வரலாறு போன்றவற்றுக்கு ஜி. சேர்வதற்கே நுழைவுத் தேர்வு உண்டு. ஜெர்மன் மொழி எல்லோருக்கும் பொது, டி, எம், டபிள்யூ பிரிவுகளுக்குப் பெரும்பாலும் கணக்கும் சேரும். அந்தத் தேர்வு எழுதவே ஜெர்மன் பி1 (ஏ1-இல் தொடங்கி சி2 வரை போகும் மொழி அளவுகோலில் மூன்றாம் படி) வேண்டும், பல இடங்களில் அடுத்த படியான பி2 கேட்கிறார்கள். முடிவில் எழுதும் ஃபெஸ்ட்ஸ்டெலுங்ஸ்ப்ரூஃபுங் என்ற தகுதித் தேர்வில் தவறினால் ஒரே ஒரு முறைதான் மறுபடி எழுதலாம். அரசு நடத்துபவற்றில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. தனியார் நடத்துபவை பல ஆயிரம் யூரோ வாங்குகின்றன. கன்சல்டன்சிக்காரர் தனியாரைத்தான் முதலில் காட்டுவார். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

மொழி விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். முதுகலையில் ஆங்கில வழி நிறைய, இளங்கலையில் குறைவு. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான இளங்கலைப் படிப்புகள் ஜெர்மன் வழியில்தான். அதற்கு சி1 அளவு மொழி வேண்டும்: டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் 4, அல்லது டிஎஸ்ஹெச் என்ற மொழித் தேர்வில் 2-ஆம் நிலை. ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து பி2 வருவதற்கே, விடாமல் படித்தால், ஒரு வருடம் ஆகும். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது, குளிர்கால செமஸ்டருக்குப் பல பல்கலைக்கழகங்களில் கடைசி நாள் ஜூலை 15. ரிசல்ட் வந்தபிறகு யோசிக்கத் தொடங்கியவருக்கு அந்த வருடம் போனதுதான். பதினொன்றாம் வகுப்பிலேயே ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுவது நல்லது. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்லும் கோதே இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

இனி ஏபிஎஸ். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். டெல்லியில் இருக்கும் அந்த அலுவலகம் நம் மார்க் ஷீட் உண்மையானதா, ஜெர்மனியில் படிக்கத் தகுதி தருமா என்று பார்த்துச் சான்றளிக்கும். கட்டணம் 18,000 ரூபாய். ஆன்லைனில் பதிவு செய்து, சான்றிதழ் நகல்களை அனுப்ப வேண்டும். கையில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

இங்கேதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். இனிஷியல். எங்கள் வீட்டில் அக்கா மகனுக்கு நடந்தது. மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் வெறும் "எஸ்". பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக. ஆதாரில் இனிஷியல் முன்னால். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று ஆள் போல இருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் அஃபிடவிட் எழுதி வைத்துத்தான் அனுப்பினோம். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள், எடுக்கும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்க் கணக்கும் நமக்குத் தலைகீழாகத் தெரியும். ஜெர்மனியில் 1.0 முதல் தரம், 4.0 பாஸ் எல்லை. அதற்கு மேலே போனால் ஃபெயில். நம் மார்க்கை மாற்ற பவேரியச் சூத்திரம் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 600-க்கு 480 வாங்கிய மாணவரை எடுத்துக்கொள்வோம். அதிகபட்சம் 600, பாஸ் மார்க் 210. 600-இல் 480 போக 120. 600-இல் 210 போக 390. 120-ஐ 390-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்டினால் 1.92. இடம் குறைவாக உள்ள படிப்புகளில் இந்த எண்தான் பேசும்.

விண்ணப்பத்தைச் சில பல்கலைக்கழகங்கள் நேராக வாங்கும். பல இடங்கள் யூனி-அசிஸ்ட் வழியாக வரச் சொல்லும், பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் பொது அமைப்பு அது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் கூடுதலாக ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எதற்கும் இருக்கட்டும் என்று பத்து இடத்தில் போட்டால் அதுவே 345 யூரோ.

பணம். கல்விக் கட்டணம் இல்லை என்பதற்கு விலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், ஹைடெல்பெர்க், கார்ல்ஸ்ரூஹே இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்குகிறது, இளங்கலைக்குச் செமஸ்டருக்கு 2,000 அல்லது 3,000 யூரோ. மற்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் சில நூறு யூரோ செமஸ்டர் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

பெரிய தொகை, விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ப்ளாக்டு அக்கவுண்ட்தான். 2024 செப்டம்பர் முதல் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 12 லட்சம். இதைக் கட்டணம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிள்ளையின் பணமேதான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே திரும்பி வரும். மொத்தமாக எடுக்க மட்டும் முடியாது. அதில் 140 யூரோவுக்கு மேல் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்குப் போய்விடும் என்பதையும், மியூனிக் மாதிரி ஊரில் அறை வாடகை மீதியில் பாதிக்கு மேல் விழுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இங்கிருந்து பணம் அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு வங்கி டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் பிடித்தம் இல்லை. பிடித்ததையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டுமே. வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு: மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். முதல் வருடம் மொழியோடு மல்லுக்கட்டும்போது அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

டாக்டருக்குப் படிக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜெர்மனியில் மருத்துவம் ஜெர்மன் மொழியில். இந்தியாவில் திரும்பி வந்து தொழில் செய்ய, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியில் இருக்க வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதி. நீட்டும் எழுதித் தேறியிருக்க வேண்டும். அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

விசாவுக்கு சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ், ப்ளாக்டு அக்கவுண்ட் சான்று, மொழிச் சான்று, காப்பீடு எல்லாம் சேர்த்து 75 யூரோ கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் மறுத்தால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் ஜெர்மனியில் நீதிமன்றம். அதனால் ஒரு காகிதம் குறைந்தாலும் "அப்புறம் கொடுத்துக்கலாம்" என்று போகாதீர்கள்.

பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பவில்லையென்றால் அப்பா, அம்மா இருவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் அந்த வயது இடிக்கும். பிறந்த நாள் நவம்பர், டிசம்பரில் வருகிறது என்றால் அவசரப்படாமல் இங்கேயே ஜெர்மனை பி2 வரை முடித்து, அடுத்த சுற்றுக்குப் போவது வீட்டுக்கும் பிள்ளைக்கும் லேசு.