படிக்காமல் தோற்பதில் உள்ள நிம்மதி

ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுத்து வைத்திருப்பார்கள். காலையில் எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றும் பார்த்து வைத்திருப்பார்கள். ஆனால் தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடிய போன் பார்த்துவிட்டு, காலையில் எழ முடியாமல் கிடப்பார்கள். கேட்டால், "அலாரம் அடிக்கல." உளவியலாளரான என்னிடம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் அடிக்கடி சொல்லும் புகார் இது. "சோம்பேறி மேடம். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறான்" என்பார்கள்.

சூனியம் சரிதான். சோம்பேறி என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சோம்பேறியாக இருந்தால் போனை வைத்துவிட்டுத் தூங்கியிருப்பான். கண் எரிய எரிய நாலு மணி வரை விழித்திருப்பது லேசான காரியமா? அதை ஒருவர் மெனக்கெட்டுச் செய்கிறார் என்றால் அதில் அவருக்கு ஏதோ லாபம் இருக்கிறது.

குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் தேறிய ஒரு இளைஞர் முதன்மைத் தேர்வு நெருங்கியபோது இப்படித்தான் செய்தார். (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவரோடு நடந்த பேச்சு ஏறக்குறைய இது:

"ராத்திரி பதினோரு மணிக்கு போனைக் கையில எடுத்தீங்க. அப்ப மனசுல என்ன ஓடுச்சு?"

"ஒண்ணும் ஓடல மேடம். சும்மா ரீல்ஸ்."

"வச்சிரலாம்னு தோணலையா?"

"தோணுச்சு. வச்சா தூங்கணும். தூங்கினா விடிஞ்சிரும்."

"விடிஞ்சா?"

"போயி எழுதணும்."

"எழுதினா?"

"வராது."

"வரலைன்னா?"

கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா சொன்னது உண்மையாயிரும்."

அப்பா சொன்னது, எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டபடி: "நீ உங்க மாமன் மாதிரிதான், எதுலயும் உருப்பட மாட்ட." அப்பாவுக்கு இன்று அது நினைவில்கூட இல்லை. பையன் அதற்குப் பிறகு டிகிரி முடித்து, லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒரு கட்டத்தைத் தாண்டியும் வந்துவிட்டார். அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவரே பிறகு சொன்னார்: "படிக்காம கோட்டை விட்டா, படிக்கலைன்னு சொல்லிக்கலாம். முழுசா படிச்சும் வரலைன்னா, சொல்லிக்க ஒண்ணுமே இல்லையே மேடம்."

லாபம் இதுதான். விடிய விடிய ரீல்ஸ் பார்த்தது தேர்வைக் கெடுத்தது, ஆனால் 'நான் உருப்படாதவன்' என்ற தீர்ப்பு வராமல் பார்த்துக்கொண்டது.

உளவியலில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1978இல் அமெரிக்காவில் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் இருவரும் மாணவர்களுக்குச் சில அறிவுத்திறன் கேள்விகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை விடையே இல்லாதவை. குத்துமதிப்பாக எதையோ எழுதியவர்களிடம், "பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார்கள். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: ஒன்று மூளைத் திறனைக் கூட்டும், மற்றது குறைக்கும். ஏன் பாராட்டுக் கிடைத்தது என்றே தெரியாமல் பாராட்டுப் பெற்றவர்கள் திறனைக் குறைக்கும் மாத்திரையை நாடினார்கள். ஆண்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த முறை சொதப்பினால் பழி மாத்திரை மேல் போகுமே!

ஆகவே திட்டு வாங்கிய பிள்ளைகள் மட்டும் இப்படி ஆவதில்லை. "அவனுக்குக் கற்பூர புத்தி, சொல்லித் தரவே வேணாம்" என்று கேட்டு வளர்ந்தவர்களும் வருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாக வந்துவிட்டு, கல்லூரியில் சுமாரான மதிப்பெண் வரத் தொடங்கியதும் வகுப்புக்கே போகாமல் இருப்பார்கள். உழைத்துப் படிப்பது தெரிந்தால் கற்பூர புத்தி இல்லை என்பது அம்பலமாகிவிடும் என்ற பயம்.

இன்னொரு வகை பயம் தோல்வியைப் பற்றியதே அல்ல. வீட்டிலிருந்தே ஆரி வேலைப்பாடு செய்து பிளவுஸ் தைத்துத் தரும் ஒரு பெண்மணி வந்தார். முகூர்த்த மாதங்களில் ஆர்டர் குவியும். ஒரு கட்டம் தாண்டியதும் போனை எடுக்க மாட்டார், சொன்ன தேதிக்குத் தர மாட்டார், நல்ல வாடிக்கையாளரோடு அற்பக் காரணத்துக்குச் சண்டை போடுவார். வருமானம் பழைய நிலைக்கு இறங்கியதும் மனசு லேசாகிவிடும். அவர் சிறுமியாக இருந்தபோது அப்பா புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசம் முடிந்த கொஞ்ச நாளில் அப்பாவுக்கு விபத்து. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை: "எல்லாம் ஊர்க்கண்ணு." மேலே போனால் விழுவோம் என்று அந்தச் சிறுமி எழுதிக்கொண்ட கணக்கு, முப்பது வயதைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்பச் சிரிக்காத, அப்புறம் அழணும்" என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. உடைத்துவிட்டு நிம்மதியாக ஆர்டர் எடுக்கிறார்கள் என்றால் நல்லதே. உடைத்த பிறகும் போனை எடுக்கக் கை வராதபோதுதான் என் வேலை.

இங்கே ஆழ்மனம் பற்றி ஒரு வார்த்தை. மனதின் 90 சதவீதம் ஆழ்மனம், அதைக் குறிப்பிட்ட நாட்களில் மாற்றி எழுதித் தருகிறோம் என்று வகுப்புகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. கட்டணமும் லேசில்லை. அந்த 90 சதவீதத்துக்கு எந்த அளவீடும் கிடையாது. 'நான் உருப்படாதவன்', 'மேலே போனால் விழுவோம்' போன்றவற்றைத்தான் நாங்கள் அடிப்படை நம்பிக்கை என்கிறோம். அது எட்டாத ஆழத்தில் புதைந்து கிடப்பதுமல்ல. மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், 1960களில் தன் நோயாளிகளிடம் மேலோட்டமாக மின்னி மறையும் எண்ணங்களைக் கவனித்தார். அப்படி ஓர் எண்ணத்தைப் பிடித்து, 'அப்படி ஆனால் என்ன?' என்று கேட்டுக்கொண்டே போனால் அடியில் உள்ள நம்பிக்கை தானே வெளியே வரும். மேலே உள்ள உரையாடல் அந்த வழிதான்.

கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று தினமும் சொல்வது உதவுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக உள்ளவர்கள் தம்மைப் பற்றிய நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் சிறிது பலன் இருந்தது. 'நான் வெற்றியாளன்' என்று வாய் சொல்லும்போதே 'யாரு, நீயா?' என்று உள்ளிருந்து பதில் வந்துவிடுகிறது.

பின் எப்படித்தான் மாறும்? நம்பிக்கை பொய்யாகக்கூடிய ஒரு சின்ன இடத்தில் அதை நிறுத்திப் பார்த்தால். அந்த இளைஞரை அதிகம் படிக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு பாடம், அதை மட்டும் முழுசாகப் படித்து, இரவு தூங்கி, காலையில் நண்பர் முன்னால் மாதிரித் தேர்வு எழுத வேண்டும். சாக்குச் சொல்ல வழியே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். எழுதுமுன் அவருடைய கணிப்பைத் தாளில் குறிக்கச் சொன்னேன்: "50க்கு 15 தாண்டாது." 31 வந்தது. உடனே, "கேள்வி ஈஸி மேடம்" என்றார்.

இதைச் சொல்வார் என்று தெரியும். மருமகள் வைத்த குழம்பு நன்றாக இருந்தால் 'மசாலா கடையில வாங்கினது' என்று சொல்லும் மாமியார் போலத்தான் இந்த நம்பிக்கைகளும். எதிர்ச் சான்று எது வந்தாலும் தள்ளுபடிதான். அதனால் அடுத்த முறை, விடை எழுதத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கேள்விக்கும் எளிது, நடுத்தரம், கடினம் என்று அவரையே குறித்து வைக்கச் சொன்னேன். முடிவு வந்த பிறகு, அவர் 'கடினம்' என்று போட்ட கேள்விகளில் எத்தனை சரி என்று எண்ணினோம். பாதிக்கு மேல் சரி. அன்று அவர் வாதாடவில்லை. ரொம்ப நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆரி வேலை செய்பவருக்கும் இதே முறைதான். ஒரு பெரிய கல்யாண ஆர்டரை எடுத்தார். எடுக்குமுன், "இந்த மாசத்துக்குள்ள வீட்ல யாருக்காவது உடம்புக்கு முடியாமப் போகும்" என்று எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தது! கணிப்பு பலித்துவிட்டது என்று கண்கலங்கி வந்தார். பிள்ளையின் பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வரச் சொன்னேன். ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் கொண்டுவந்தார். ஆர்டர் நோட்டோடு சேர்த்துத் தேதி பார்த்தோம். ஆர்டரே இல்லாத ஆடி, மார்கழி மாதங்களிலும் அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, சளி பிடித்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை; அவர்தான், "அப்ப இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல போலயே" என்றார்.

பழைய நம்பிக்கை அழிந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. பதற்றமான நாளில் அது தலை தூக்கும். புதிய அனுபவம் அதன் பக்கத்திலேயே வளர்ந்து, போகப்போக அதைவிட உரக்கப் பேசும். இளைஞர் இப்போதும் தேர்வுக்கு முந்தின இரவு போனைத் தங்கையிடம் கொடுத்துவிடுகிறார். அடுத்த தேர்வை உட்கார்ந்து முழுதாக எழுதினார், தேறவில்லை. எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்று பேசத்தான் அடுத்த முறை என்னிடம் வந்தார்.

அதே சமயம், வேலை கிடைக்காததற்கெல்லாம் மனத்தடையைக் காரணம் சொல்வது அநியாயம். குரூப் 4 தேர்வுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள், இடங்களோ சில ஆயிரம். முழு முயற்சியோடு எழுதித் தேறாதவரிடம் போய் 'உன் ஆழ்மனதில் ஏதோ இருக்கிறது' என்பது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது. ஒத்திப்போடுவதற்குப் பின்னால் மனச்சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு, குடிப்பழக்கம், தைராய்டு பிரச்சினை எது வேண்டுமானாலும் இருக்கலாம். பல வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நோட்டும் பேனாவும் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவ உளவியலாளரிடம் போகிறீர்கள் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். செத்துப் போகலாமா என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104. இரண்டும் இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பெற்றோர் கிளம்பும்போது வாசலில் நின்று, "நாங்க என்னதான் சொல்றது இவன்கிட்ட?" என்பார்கள். 'உன்னால முடியும்' என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். 'உருப்பட மாட்ட' என்பதை மொத்தமாக. "இன்னிக்கு எந்தப் பாடம்? எது புரியல?" என்று மட்டும் கேளுங்கள்; பதில் சொல்லாவிட்டாலும் மறுநாள் கேளுங்கள்.