ஸ்டியரிங் நடுங்குகிறதா? அலைன்மென்ட் கேட்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

போன வாரம் ஒருவர் காரை விட்டு இறங்கும்போதே சொன்னார், "ஸ்டியரிங் உதறுதுண்ணே, அலைன்மென்ட் மட்டும் பார்த்துக் கொடுங்க." ஒரே மாதத்தில் இரண்டு முறை வேறு இடத்தில் அலைன்மென்ட் செய்தாயிற்றாம், நடுக்கம் போகவில்லை, அதனால் மூன்றாவது தடவைக்கு என்னிடம் வந்திருக்கிறார். எந்த வேகத்தில் உதறுகிறது என்று கேட்டேன். "30, 40ல் போகும்போதே இடமும் வலமுமா ஆடுது. வேகம் எடுத்தா ஆட்டம் போய் ஒரு மாதிரி அதிருது" என்றார். அதைக் கேட்டதும் அலைன்மென்ட் மெஷின் பக்கமே நான் போகவில்லை. ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கி, டயர் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றினேன். பாதிச் சுற்றில் கையை ஒரு மேடு தூக்கியது. டயரின் உள்பக்க ஓரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அவர் கையையும் அங்கே வைத்துத் தடவச் சொன்னேன். முகமே மாறிவிட்டது. முந்தைய நாள்தான் அதே டயரில், பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் 100ல் போய் வந்திருக்கிறார்.

இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது வண்டி இது. நான்கு பேருமே கேட்டது அலைன்மென்ட். ஒருவருக்குக்கூட அது காரணம் இல்லை. வண்டி ஓட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு யாரோ சொன்னதைத்தான் சொல்கிறார்கள். கேட்டதைச் செய்து காசு வாங்கிக்கொண்டு, டயரை ஒரு தடவை கையால் தடவிக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே திரும்பி நிற்கின்றனவா வெளியே திரும்பி நிற்கின்றனவா, முன்னால் நின்று பார்த்தால் சாய்ந்திருக்கின்றனவா என்ற கணக்கு. அது தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும். நடுங்காது. ஏன் நடுங்காது என்று கொஞ்சம் யோசியுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும் வரை அந்தக் கோணம் அப்படியேதான் இருக்கிறது. மாறாத ஒன்று எப்படி உலுக்கும்? உலுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாற வேண்டும். ஒரு பக்கம் கனமாக இருக்க வேண்டும், அல்லது மேடாக இருக்க வேண்டும், அல்லது வளைந்திருக்க வேண்டும். இவை சின்னதாக இருந்தாலும், எங்கேயாவது ஒரு ஜாயின்ட் லூசாகியிருந்தால் அது பெரிதாகக் கைக்கு வரும்.

"எனக்கு அலைன்மென்ட் செய்ததும் சரியாயிடுச்சே" என்று சிலர் சொல்வார்கள். பில்லை எடுத்துப் பாருங்கள், கூடவே பேலன்சிங்கும், அதாவது சக்கரத்தின் கனத்தைச் சுற்றிலும் சமமாக்குவதையும், செய்திருப்பார்கள். அல்லது முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டிருப்பார்கள், நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டுச் சீட்டுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அலைன்மென்ட் தப்பிய நிலையில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்து, அதனால் நடுங்கலாம். ஆனால் அந்த நிலையில் கோணத்தைச் சரி செய்தாலும் தேய்ந்த ரப்பர் திரும்பி வளராது.

என்னிடம் வரும் நடுக்கங்களில் அதிகமானது பேலன்ஸ் போனதுதான். அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. 70 வரை ஒன்றும் தெரியாது, 80 தாண்டியதும் ஆரம்பிக்கும், 90லிருந்து 110க்குள் உச்சத்தில் இருக்கும், சில வண்டிகளில் அதற்கு மேல் போனால் குறைந்துவிடும். பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். 50 கிராம்தானே, அது என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் அதிகமாக இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 8 கிலோ கனத்துக்குச் சமமாக இழுக்கும், அதுவும் நொடிக்கு 14, 15 தடவை. பேலன்ஸுக்காக ரிம்மில் ஒட்டியிருந்த சின்ன வெயிட் விழுந்துவிட்டால் அந்த இடத்தில் சுத்தமான ஒரு கட்டமோ பசைத் தடமோ தெரியும், நீங்களே குனிந்து பார்க்கலாம். சேற்றில் போய் வந்த மறுநாள் திடீரென்று நடுக்கம் வந்தால், முதலில் ரிம்மின் உள்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அதிலேயே பல வண்டிகள் சரியாகிவிடும்.

பேலன்சிங் செய்த பிறகும் நடுங்கினால், மறுபடி வெயிட் வைப்பதில் பயன் இல்லை. சக்கரம் மெஷினில் சுற்றும்போது பக்கத்தில் நின்று ரிம்மின் விளிம்பைப் பாருங்கள், டயரின் மேல்பரப்பையும் பாருங்கள். பள்ளத்தில் இடித்து வளைந்த ரிம் சுற்றும்போது அலைபாயும். மெஷின் பூஜ்ஜியம் காட்டலாம், ஆனால் கோணலான சக்கரத்துக்கு எவ்வளவு வெயிட் வைத்தாலும் அது உருண்டையாகாது. வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீல் என்றால் இன்னொன்றும் உண்டு. நடு ஓட்டை, சக்கரம் மாட்டும் ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் சக்கரம் மையத்தில் உட்காராது, அதற்கென்று இருக்கும் வளையத்தைப் போட்டே ஆக வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், பார்க்க வேண்டியது முன் டிஸ்க்கை, பிரேக் பேட் அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டு அது. "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று எங்கள் தொழிலில் எல்லோருமே சொல்கிறோம், ஆனால் பெரும்பாலும் அது வளைவதில்லை, சுற்றிலும் தடிமன் சீராக இல்லாமல் போகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே சில வண்டிகளில் கைக்குத் தெரிந்துவிடும். புது பேட் மட்டும் மாற்றி இதைச் சரி செய்ய முடியாது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நடுக்கம் ஆரம்பித்து, ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டு, கருகிய வாடை வந்தால், பேட்டை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு நீண்ட பயணம் போகாதீர்கள். திடீரென்று பலமாக மிதிக்கும்போது பெடல் மட்டும் காலில் படபடவென்று தட்டினால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, பழுது இல்லை.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உலுக்கி, காலை எடுத்தால் நின்றுவிட்டால் சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஆக்சிலின் உள்பக்க (இன்னர்) ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போதே நடுங்கினால் சக்கரத்தை விடுங்கள், காரணம் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், அல்லது எஞ்சினே சரியாக ஓடாதது. ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்கள். பல வாரம் ஓடாமல் நின்ற வண்டி என்றால் டயர் நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும், சில கிலோமீட்டரில் டயர் சூடானதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஓரிரு நாளில் நடுக்கம் வந்து, அது வரவரக் கூடி, டக் டக் என்று சத்தமும் வந்தால், தயவுசெய்து அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். வீல் நட் லூசாகிக்கொண்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் போல்ட் ஒடிந்து சக்கரம் தனியாகப் போகும். கழற்றி மாட்டிய பிறகு 50லிருந்து 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் ஒரு தடவை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். நிறைய கார்களுக்கு 100லிருந்து 120 நியூட்டன் மீட்டர் வரும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கிறது. ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பது இறுக்குவது ஆகாது. எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், மரையில் எண்ணெய் போடக் கூடாது.

சக்கரத்தை ஸ்டியரிங்கோடும் வண்டியோடும் இணைக்கும் டை ராட், பால் ஜாயின்ட், பேரிங் இவற்றின் ஆட்டத்தை, சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஆட்டிப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா, பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா என்பதை வைத்து எது என்று ஓரளவு பிரிக்கலாம். வீட்டில் பார்க்கிறவர்கள் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையா, அந்த வேலையைத் தொடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "அலைன்மென்ட் பண்ணுங்க" என்று நீங்களே மருந்து எழுதிக் கொடுக்காமல், எந்த வேகத்தில் வருகிறது, பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா, கையிலா சீட்டிலா, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பள்ளத்தில் இறங்கியதா, டயர் மாற்றியதா, இதைச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காமலே மெஷினில் ஏற்றுகிறவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காருக்கு முன்னால் இரண்டு புது டயர் போட்டு, பேலன்ஸ் செய்து, கடைசியில் அலைன்மென்ட்டும் பார்த்தேன், புது டயர் ஓரம் தேயாமல் இருப்பதற்காக. அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஸ்டியரிங் அசையவே இல்லை என்றார். அப்புறம் டிக்கியைத் திறந்துகொண்டு, உப்பிய அந்தப் பழைய டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளட்டுமா, பாதி பட்டன் (டயரின் மேல்பக்க ரப்பர்) மிச்சம் இருக்கிறதே என்று கேட்டார். டயரைக் கீழே படுக்க வைத்து, பக்கவாட்டில் கத்தியால் ஒரு முழம் கிழித்துவிட்டுத்தான் அவர் கையில் கொடுத்தேன்.