தன் பெயரைத் தானே சொல்லும் குருவி

வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகளில் கோடை மதியம் மற்ற பறவைகள் எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு குரல் விடாது. 'பீ... அ... வீ' என்று சோம்பலாக இழுக்கும். பட்டுப்போன கிளை நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு குருவி. எடை 14 கிராம் இருந்தால் அதிகம். சட்டென்று பறந்து ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு மறுபடி கிளைக்கே வரும். கா என்று கரைவது காக்கை ஆனதுபோல இது பீவீ ஆகிவிட்டது.

மேற்கே இதற்கு ஓர் இரட்டை உண்டு. கையில் பிடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிவது கடினம். ஆனால் அது கரகரத்த குரலில் 'பீயர்' என்று இறங்கும். அதனால் பறவை பார்ப்பவர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறார்கள். பீவீ சேர்ந்திருக்கும் அமெரிக்க ஈப்பிடிப்பான் குடும்பத்தில் ஆல்டர், வில்லோ என்று இரண்டு குருவிகள் 1973 வரை ஒரே இனமாகவே கணக்கில் இருந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டியதில் பெரும் பங்கு பாட்டுக்குத்தான்.

சரி, பாட்டை அப்படி நம்பலாமா? பெரும்பாலான பாடும் பறவைகள் பாட்டைக் கற்றுக்கொள்பவை. குஞ்சு பெரியவர்களைக் கேட்கும், உளறிப் பார்க்கும், தன் காதால் திருத்திக்கொள்ளும். அதனால் ஊருக்கு ஊர் பாட்டு மாறும். ஈப்பிடிப்பான்களின் கதை வேறு. டொனால்ட் குரூட்ஸ்மா என்ற ஆய்வாளர் ஆல்டர், வில்லோ குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து வளர்த்து, 1984இல் முடிவை வெளியிட்டார். தம் இனத்தாரிடம் பாடம் கேட்காமலே அவை தம் இனப் பாட்டைப் பாடின.

பிறகு அவரும் மசகாசு கொனிஷி என்ற ஆய்வாளரும் இதே குடும்பத்து ஃபீபி குருவியைச் சோதித்தார்கள். 'ஃபீ-பீ' என்று கூவி, அதையே பெயராகப் பெற்ற பறவை அது. பாடத் தொடங்கும் முன்பே குஞ்சுகளின் செவிப்புலனை நீக்கினார்கள். கொடுமைதான். ஆனால் 1991இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: தன் குரலைத் தானே கேட்க முடியாத குருவியும் சரியாகவே பாடியது. அந்தப் பாட்டு பிறவியிலேயே வருவது.

நம் ஊர் ஈப்பிடிப்பான்களை இவற்றோடு சேர்க்கக் கூடாது. பூச்சி பிடிக்கும் விதம்தான் ஒன்று, குடும்பம் வேறு. இந்தப் பீவீக்குத் தூரத்துச் சொந்தம் தமிழ்நாட்டில் வேண்டுமென்றால், குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக்குருவியைப் பார்க்கலாம். அதற்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவும் அதன் குரல்தான்.