ரீகிரைண்டா, புது கேமா? ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை ரீகிரைண்ட் செய்தால், அதாவது கல்லில் மறுபடி தீட்டி வடிவம் மாற்றினால், லோபின் (வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் புடைப்பின்) மூக்கு உயராது, முதுகுதான் தாழும். இதைப் பிடித்துக்கொண்டால், ரீகிரைண்டுக்கும் விலை உயர்ந்த புது கேமுக்கும் உள்ள மற்ற வித்தியாசங்கள் தானாகவே பிடிபடும். கிரைண்டிங் கல் உலோகத்தைக் குறைக்கும், கூட்டாது. லிஃப்ட், அதாவது லோப் தள்ளும் உயரம், அதிகமாக வேண்டுமென்றால், வால்வு மூடியிருக்கும்போது டேப்பெட்டோ ராக்கரோ (லோபின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் பாகங்கள்) உட்காரும் வட்டப் பகுதியை, அதாவது பேஸ் சர்க்கிளை, சிறிதாக்குவதைத் தவிர வழியில்லை.

ஒரு கணக்கு போடலாம். பேஸ் சர்க்கிள் விட்டம் 30 மி.மீ., கேம் லிஃப்ட் 6 மி.மீ. என்றால், ஷாஃப்ட் மையத்திலிருந்து மூக்கு நுனி 21 மி.மீ. தூரத்தில் இருக்கும். லிஃப்டை 7 ஆக்க வேண்டும். மூக்கு 21-ஐத் தாண்டாது. ஆகவே பேஸ் சர்க்கிள் ஆரம் 15-லிருந்து 14-க்கு இறங்க வேண்டும். ராக்கர் விகிதம் (லோபின் அசைவை ராக்கர் எத்தனை மடங்காக்கி வால்வுக்குத் தருகிறது என்பது) 1.5 என்றால் வால்வு லிஃப்ட் 9-லிருந்து 10.5 மி.மீ. ஆகிவிடும். தேய்ந்த மூக்கைச் சுத்தமாக்க 0.1 மி.மீ. எடுத்தால், அந்த 0.1 முதுகிலும் சேர்ந்து போகும்.

லிஃப்டை விட டியூரேஷன்தான் ரீகிரைண்டில் தகராறு. வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்க லோபின் தோள் (மூக்கின் இரு பக்கச் சரிவு) அகலமாக வேண்டும். புது வடிவம் முழுதும் பழைய வடிவத்துக்குள் அடங்க வேண்டுமே, தோளில் உலோகத்துக்கு எங்கே போவது? மூக்கையும் வெட்டி, மொத்த வடிவத்தையும் கீழே இறக்கினால்தான் இடம் கிடைக்கும். இன்லெட், எக்ஸாஸ்ட் லோப்கள் ஒரே ஷாஃப்டில் இருக்கும் எஞ்சினில் அவற்றுக்கிடையிலான கோணத்தை இரண்டு மூன்று டிகிரி மாற்றினாலும் இதே கதைதான்: ஒரு பக்கத் தோள் போதாமல் போகும்.

பேஸ் சர்க்கிளில் இறங்கிய அந்த 1 மி.மீ. சும்மா இருக்காது. ராக்கர் விகிதம் 1.5 உள்ள எஞ்சினில் வால்வு முனையில் 1.5 மி.மீ. இடைவெளி விழும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் புஷ் ராடின் (டேப்பெட்டிலிருந்து ராக்கருக்குப் போகும் தண்டின்) அடியில் டேப்பெட் அட்ஜஸ்டர் திருகு இருப்பதால் ஓரளவு ஈடுகட்டலாம். திருகு போதாவிட்டால் நீளமான புஷ் ராடு போட வேண்டும். 2009-இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 போன்ற, ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் எஞ்சினில் நிலைமை வேறு. லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சரின் பிரீலோட் (முன்கூட்டியே அமுக்கி வைத்த தூரம்) சொற்பம், 1 மி.மீ. தாழ்வு அதை விழுங்கிவிட, டிக் டிக் சத்தம் போகவே போகாது. அங்கே புஷ் ராடு நீளத்தை அளந்து வாங்காமல் ரீகிரைண்டில் இறங்கக் கூடாது. பக்கெட் டேப்பெட் (வால்வின் மேல் கிண்ணம் போலக் கவிழ்ந்திருப்பது) வகையில் 1 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு) வேண்டும். கம்பெனி ஷிம் வரிசையில் அது கிடைக்குமா என்று முதலில் பார்த்துவிட்டு ஷாஃப்டைக் கொடுங்கள்.

ஹெட்டுக்குள் ராக்கர் உள்ள எஞ்சினில் அட்ஜஸ்டர் திருகை இறக்கினால் இடைவெளி சரியாகிவிடும், ஆனால் ராக்கரின் சாய்வு மாறியிருக்கும். வால்வு முனையில் மார்க்கர் மையைத் தடவி, கையால் நாலைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். மை அழிந்த கோடு ஒடுக்கமாக, முனையின் நடுவில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் வால்வைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பொருள். வால்வுத் தண்டு ஓடும் கைடு சீக்கிரம் தேயும்.

கண்ணுக்குத் தெரியாத விஷயம் கடினத்தன்மை. கேம் ஷாஃப்ட் முழுக்க ஒரே மாதிரி கெட்டியாக இருப்பதில்லை. சில்டு வார்ப்பிரும்பிலும் (வார்க்கும்போதே வேகமாகக் குளிரவைத்தது) இன்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்தூண்டலால் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவது) செய்த ஷாஃப்டிலும் கெட்டிப் பகுதி சில மில்லிமீட்டர் ஆழம் போகும். வெட்ட இடம் உண்டு. கார்புரைஸ் செய்ததில் (மேற்பரப்பில் கார்பன் ஏற்றியது) சுமார் 1 மி.மீ. தேறும். நைட்ரைடிங் செய்ததில் (நைட்ரஜன் ஏற்றியது) அரை மி.மீ. கூட இருக்காது. அதில் 1 மி.மீ. எடுத்தால் கீழே இருப்பது கெட்டிப்படாத பச்சை இரும்பு. கேம் சில நூறு கிலோமீட்டரிலேயே மழுங்கத் தொடங்கும். கிரைண்ட் செய்த லோபின் ஓரத்தில் நல்ல அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கினால் தப்பித்தோம், கடித்துத் தூள் எடுத்தால் மறுபடி நைட்ரைடிங் செய்யாமல் மாட்டக் கூடாது. அந்த வேலை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் நடப்பதால் ஷாஃப்ட் வளையலாம். திரும்பி வந்ததும் வி-பிளாக்கில் வைத்து, நடு ஜர்னலில் (பேரிங்கில் சுழலும் வட்டப் பகுதியில்) டயல் கேஜால் ஓட்டம் (வளைவால் வரும் ஆட்டம்) பார்ப்பது கட்டாயம்.

தரமான புது கேமில் நாம் பணம் கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான்: பேஸ் சர்க்கிள் 30-இலேயே நிற்க, மூக்கு 22-க்கு உயரும், ஹார்டனிங்கும் வடிவம் வெட்டிய அந்த அளவுக்கே செய்யப்பட்டிருக்கும். லோபைத் தொடும் முகம் தட்டையாக உள்ள தட்டை டேப்பெட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒரே லிஃப்ட் கணக்கைச் சிறிய பேஸ் சர்க்கிளில் வெட்டினால் மூக்கின் வளைவு கூர்மையாகும், தொடும் இடம் குறுகும், அங்கே அழுத்தம் ஏறும். பெரிய பேஸ் சர்க்கிளில் மூக்கு மழமழவென்று அகலமாக இருக்கும்.

அதற்காகப் புது கேம் எல்லா எஞ்சினிலும் இந்தச் சலுகையைத் தராது. ஷாஃப்டைப் பக்கவாட்டிலிருந்து பேரிங் துளைகளின் வழியே நுழைக்கும் எஞ்சினில், மூக்கு ஜர்னலின் ஆரத்தைத் தாண்டவே முடியாது. தாண்டினால் உள்ளே போகாது. அங்கே எவ்வளவு விலை உயர்ந்த கேமிலும் பேஸ் சர்க்கிளைக் குறைத்துத்தான் லிஃப்ட் எடுத்திருப்பார்கள். ரீகிரைண்டைக் கேவலமாகப் பேசுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

சென்னையில் ரீகிரைண்டுக்குப் பழைய ஷாஃப்ட் தேடுவது சிரமமில்லை, பழைய வண்டிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஜர்னலில் கோடு விழாததாக, லோபில் குழி இல்லாததாகப் பார்த்து எடுங்கள். கிரைண்டிங்கும் ஹீட் டிரீட்மென்டும் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம். பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது: மாஸ்டர் (வடிவத்தை நகலெடுக்கும் மூல கேம்) எது? தேய்ந்த ஒரு கேமை மாஸ்டராக வைத்து நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் நகலாகும். கணினி இயக்கும் சி.என்.சி. கிரைண்டர் என்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் லிஃப்ட் எவ்வளவு என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தட்டை டேப்பெட் சுழல்வதற்காக லோப் முகத்தில் மிக நுண்ணிய சாய்வு இருக்கும். அதை நேராக வெட்டிவிட்டால் டேப்பெட் சுழலாமல் ஒரே இடத்தில் தேயும். பழைய டேப்பெட்டை அப்படியே திரும்பப் போடுவதும் அதே கதியில்தான் முடியும்.

புல்லட், பழைய மாருதி போன்ற வண்டிகளைத் தெருவில் ஓட்ட, கேம் லிஃப்டில் அரை மி.மீ. வரை ஏற்றுவதென்றால் நல்ல ரீகிரைண்டே போதும். டியூரேஷனை ஏற்றிய கேமை அண்ணா சாலை நெரிசலில் ஓட்டுவது தண்டனை: இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால் குறைந்த ஆர்.பி.எம்-மில் கலவை திரும்பத் தள்ளப்படும், ஐட்லிங் ஆடும், பிக்கப் சொதப்பும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மணிக்கணக்கில் உச்ச ஆர்.பி.எம்-மில் நிற்கப்போகும் எஞ்சினுக்குப் புது ஸ்டீல் கேம் வாங்குவதே சரி. இடைப்பட்ட ஆசைக்கு, ரீகிரைண்ட் கூலியோடு புஷ் ராடு, டேப்பெட், நைட்ரைடிங் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பல சமயம் புது கேமின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

எதைப் போட்டாலும் இரண்டு அளவுகளை விடக் கூடாது. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் மொத்தம் 1 முதல் 1.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் இன்லெட்டில் 2, எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஹெட்டைக் கழற்றிக் களிமண்ணைப் பிளேடால் வெட்டி, மெல்லிய இடத்தை வெர்னியரால் அளக்கலாம்.

தட்டை டேப்பெட் எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது லோபில் அசெம்பிளி பேஸ்ட், எஞ்சினில் துத்தநாகச் சேர்க்கை நிறைந்த ஆயில். ஐட்லிங்கில் விடவே கூடாது. நேராக 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்., ஏற்றி இறக்கி 20 நிமிடம். குறைந்த வேகத்தில் கேமுக்குப் போதிய ஆயில் சிதறாது, மூக்கின் மேல் ஆயில் படலமும் மெல்லியதாக இருக்கும். ஆயிலை உடனே மாற்றி, 500 கி.மீ. கழித்து டேப்பெட் இடைவெளியைத் திரும்ப அளந்து பாருங்கள். எல்லா வால்விலும் கொஞ்சம் மாறியிருந்தால் பரவாயில்லை. ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால் அந்த லோப் கரைகிறது. திருகி அட்ஜஸ்ட் செய்துவிட்டு ஓட்டாதீர்கள், கவரைக் கழற்றுங்கள்.