தேசிக்காய்க்கு விலை ஏறும் நேரம் வன்னியில் காய் ஏன் இல்லை?

கிளிநொச்சிச் சந்தையிலோ புதுக்குடியிருப்பிலோ தேசிக்காய் விலையைக் கவனித்து வருபவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு மாதம் உரப்பையோடு கொண்டுபோய் இறக்கினாலும் வியாபாரி முகம் கொடுக்கமாட்டார். மூன்று மாதம் கழித்து அதே வியாபாரி வீடு தேடி வந்து "இருக்கா?" என்று கேட்பார். அப்போது மரத்தில் இலை மட்டும்தான் இருக்கும். இதை விலைத் தளம்பல் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். ஆனால் இந்தத் தளம்பலில் பாதியை நமது இறைப்புத்தான் உண்டாக்குகிறது. அதனால் அதை மாற்றுவதும் ஓரளவுக்கு நமது கையில் இருக்கிறது.

தேசி மரம் காய்ந்து நனைந்தால் பூக்கும். வைகாசி, ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகத்தில் வாடிக் கிடந்த மரம் ஐப்பசி மழை விழுந்ததும் தளிர்விட்டுப் பூவெடுக்கும். பூவிலிருந்து பறிக்கிற பருவத்துக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் செல்லும். ஐப்பசி, கார்த்திகைப் பூ பங்குனி, சித்திரையில் காயாகும். மழையை நம்பி நிற்கிற எல்லா மரத்துக்கும் இதுதான் கணக்கு. வவுனியா, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், விசுவமடு என்று எங்கும் ஒரே கிழமையில் மரம் நிறைந்தால் விலை விழாமல் என்ன செய்யும்?

இதோடு வெளிமாவட்டக் காயும் வந்து சேர்கிறது. இலங்கையில் தேசிக்காய் கூடுதலாக விளைகிற மாவட்டங்களில் மொனராகலை முன்னணியில் இருக்கிறது. அந்தப் பக்கத்து லொறிகள் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வந்து குவிந்தால், அங்கே விழுகிற விலை ஏ9 வீதி வழியாக மறுநாளே நமது சந்தைக்கும் வந்துவிடும். ஆகவே உங்கள் ஊரில் காய் குறைவு என்பதை மட்டும் வைத்து விலை கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் சந்தை விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. கிழமைக்கு ஒருமுறை தம்புள்ளை விலையையும் உங்கள் சந்தை விலையையும் ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் எழுதினால் எந்த மாதத்தில் காய் இருக்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். தரகரிடம் கேட்கத் தேவையில்லை.

தண்ணீரை நிறுத்திப் பூவெடுப்பது

கிணறு உள்ளவருக்கு ஒரு வழி இருக்கிறது. தை கடைசியில் மழை ஓய்ந்ததும் தோட்டத்தில் பாதி மரங்களுக்கு இறைப்பை நிறுத்துங்கள். செம்மண், மணல் கலந்த நிலம் என்றால் மூன்று கிழமை போதும். வயலை ஒட்டிய களிப்பாங்கான நிலத்தில் ஐந்து கிழமையும் ஆகலாம். நாட்களை எண்ணுவதைவிட இலையைப் பார்ப்பதே சரி. மத்தியானம் இலை சுருளுவது வழக்கமானது. பின்னேரம் வெயில் தணிந்த பிறகும் விரியாமல் சுருண்டே நின்றால் மரத்துக்குத் தாகம் போதும். முற்றிய இலைகள் மஞ்சளித்துக் கொஞ்சம் உதிரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் கால்வாசிக்கு மேல் இலை கொட்டும்வரை விட்டால் நுனிக் கொப்புகள் காய்ந்து போகும், பூவும் வராது.

தாகம் பிடித்த மரத்துக்கு எடுத்த எடுப்பில் பாத்தி நிறையத் தண்ணீர் விடக்கூடாது. முதல் நாள் மண் நனைகிற அளவுக்கு ஒரு சிறு இறைப்பு. மூன்று நான்கு நாள் கழித்து, மக்கிய எருவையும் பசளையையும் பாத்தியில் போட்டுக் கிளறிவிட்டு, நல்ல இறைப்பு. அதற்குப் பிறகு இறைப்பு தவறவே கூடாது. மூன்று நான்கு கிழமையில் பூ வரும். பூ பிஞ்சாகிற நேரத்தில் ஒரு தடவை தண்ணீர் தவறினாலும் காம்போடு கொட்டிவிடும். பங்குனியில் எடுத்த பூ ஆவணி வாக்கில் பறிக்க வரும். அது மழை இல்லாத காலம் என்பதால் தோலும் சுத்தமாக இருக்கும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா, அம்மன் கோயில்களின் ஆடிச் செவ்வாய் எல்லாம் அந்தக் காலத்தை ஒட்டியே வருகின்றன.

பாதி மரங்களுக்கு மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாசியில் அந்த மரங்களில் கார்த்திகைப் பிஞ்சு நெல்லிக்காய் அளவில் நிற்கும். தண்ணீரை நிறுத்தினால் அதில் நல்ல பங்கு உதிரும், மிச்சம் சிறுத்துப் போகும். அந்த இழப்புக்கு மனம் ஒப்பினால்தான் இதில் இறங்கவேண்டும். அடுத்த வருடம் மற்றப் பாதிக்கு மாற்றிச் செய்யலாம். நான்கு வயதுக்கு உட்பட்ட மரம், அடியில் பிசின் வடிகிற மரம், நோஞ்சான் மரம் ஆகியவற்றை இதற்கு எடுக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றுகிற காணியிலும் செய்யவேண்டாம். பூ வந்த பிறகு தண்ணீர் இல்லை என்றால் இரண்டு போகமும் போய்விடும்.

ஆனியில் காயவிட்டு ஆடியில் இறைத்து மார்கழியில் பறிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காய் வரும், உண்மைதான். ஆனால் காய் பருத்து முற்றுகிற காலம் மாரி மழை. சொறி விழுந்த தோலும் ஈரக் காயும் சந்தைக்குப் போவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். நமது நிலத்துக்கு ஆவணிப் போகமே பாதுகாப்பு என்பது எங்கள் அபிப்பிராயம்.

பறித்ததிலிருந்து தராசு வரை

விலை நன்றாக இருந்தும் கையில் காசு மிஞ்சவில்லை என்று சொல்பவர்களின் உரப்பையை அவிழ்த்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பெரியது, சிறியது, பச்சை, மஞ்சள், சொறி விழுந்தது, முள் குத்தியது எல்லாம் ஒரே பையில் கிடக்கும். வியாபாரி விலை சொல்வது அதில் உள்ள மோசமான காயைப் பார்த்துத்தான்.

தேசிக்காயைப் பிடித்து இழுக்கக்கூடாது. இழுத்தால் காம்படியில் உள்ள பச்சை வட்டம் பிய்ந்து வரும். அந்தச் சிறு ஓட்டையால்தான் பச்சைப் பூஞ்சணம் உள்ளே போகிறது. சிறு கத்தரிக்கோலால் காம்பை ஒட்ட வெட்டுங்கள். காம்பு நீட்டி நின்றால் பக்கத்துக் காயைக் குத்தும். மரத்தை உலுப்பி விழுத்திப் பொறுக்கிய காயை அன்றே விற்றுவிடுங்கள், அது வைத்திருக்க ஆகாது. விடியற்காலையில் பனி ஈரத்தோடு பறிப்பதும் பிழை. ஈரம் ஊறிய தோலில் எண்ணெய்ப் பைகள் விம்மி நிற்கும், விரல் அழுத்தினாலே வெடித்துவிடும். கசிந்த எண்ணெய் தோலைச் சுட்டு, இரண்டு நாளில் மண்ணிறத் தழும்பாகக் காட்டும். பனி உலர்ந்த பிறகு, எட்டு ஒன்பது மணியளவில் பறித்து நிழலில் பரப்புங்கள்.

வடக்குச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு பிடிக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. அது நியாயமில்லை என்று விவசாயிகள் எத்தனையோ காலமாகச் சொல்லி வருகிறார்கள். வழக்கம் ஒழிகிறவரை, கழிவுக்குள் அகப்படாமல் எதை விற்கலாம் என்று பார்க்கவேண்டும். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். கலப்புக் காய் நூறு கிலோ, கிலோ 300 ரூபா. கழிவு போக 90 கிலோவுக்கு 27,000 ரூபா. அதே காயைத் தோட்டத்திலேயே தரம் பிரித்தால்: பெருங்காய் 60 கிலோ, கழிவு போக 54 கிலோ, 400 ரூபாப்படி 21,600. நடுத்தரம் 25 கிலோ, கழிவு போக 22½ கிலோ, 280 ரூபாப்படி 6,300. மிச்சம் சிறுகாய் 15 கிலோ. ஒரு காய் 30 கிராம் என்றால் 500 காய். இதைத் தராசில் வைக்காதீர்கள். கோயிலடிக் கடைகளுக்கு எண்ணிக் கொடுங்கள். எட்டு ரூபாப்படி 4,000. மொத்தம் 31,900 ரூபா. வித்தியாசம் 4,900. அதற்கு உங்களுக்குப் போவது இரண்டு மணித்தியால வேலை.

கோயிலுக்கு வாங்குபவர் சாற்றைப் பார்ப்பதில்லை. மாலை கட்டவும் விளக்கேற்றவும் வாகனச் சில்லுக்கடியில் வைக்கவும் கேட்பது உருண்டையான, வடு இல்லாத, மஞ்சள் விழுந்த காய். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு முதல் கிழமையும் ஆடி மாதமும் அந்த அளவுக் காய்க்குத் தேவை இருக்கும். சாறு பிழிகிற கடைக்காரருக்கும் ஹோட்டலுக்கும் வேண்டியது வேறு. பெருத்து, தோல் மினுங்கி, அமத்தினால் கொஞ்சம் நெகிழ்கிற காயை அவர்கள் கேட்பார்கள். கரடுமுரடான தோலோடு கல்லுப்போல இருக்கிற காயில் சாறு இன்னும் ஊறவில்லை. விலைக்கு ஆசைப்பட்டு அதைப் பறித்தால் அடுத்தமுறை உங்கள் பை கடைசியாகத்தான் நிறுக்கப்படும்.

உரப்பையில் அடுக்கினால் அடியில் உள்ள காய் நசுங்கும், உள்ளே சூடும் ஏறும். இருபது இருபத்தைந்து கிலோ பிடிக்கிற பிளாஸ்ரிக் கூடையே நல்லது. முழுக் கூடைக்கு வசதியில்லை என்றால் வெங்காயம் கட்டுகிற வலைப் பை. இரண்டு மூன்று கிழமை விலைக்காகக் காத்திருக்க வேண்டுமானால், வடு இல்லாத பச்சைக் காயை மட்டும் தெரிந்தெடுத்து, ஊசித்துளை போட்ட பொலித்தீன் பையில் ஐந்து கிலோப்படி கட்டிக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பழைய முறைப்படி லேசான ஈர மணலில் புதைத்தும் வைக்கலாம். எதுவானாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து, பழுதானதை எடுக்கவேண்டும். ஒரு காயில் பிடித்த பூஞ்சணம் பை முழுக்கப் பரவும். சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் நெடுநாள் வைத்தால், ஏழு எட்டுப் பாகைக்குக் கீழே தோலில் குழி குழியாக விழும்.

விலை அடியோடு விழுந்த கிழமையில் மஞ்சள் பழுத்ததை ஊறுகாய்க்குத் திருப்பலாம். கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் உப்பு. ஆனையிறவு உப்பு கிடைத்தால் வேறென்ன வேண்டும்? நாலாகக் கீறி உப்பை அடைத்து மண் சாடியிலோ கண்ணாடிப் போத்திலிலோ போட்டு, ஊறிய பின் வெயிலில் காயவிடுங்கள். அலுமினியச் சட்டி ஆகாது, புளிப்பு அதை அரிக்கும்.

தோலைக் கெடுப்பவை

சந்தையில் தரம் இறக்குவது பெரும்பாலும் சொறி நோய். இலையிலும் காயிலும் தக்கைபோலத் தடித்த புள்ளி, இலையில் அதைச் சுற்றி மஞ்சள் வளையம். இது பக்டீரியாவால் வருவது, மழைத்துளியோடு தெறித்துப் பரவும். இலைக்குள் வெள்ளிக்கோடு போடுகிற புழு உண்டாக்கிய காயத்தால் பக்டீரியா இன்னும் சுலபமாக உள்ளே போகும். மாரிக்கு முன் நோய்ப்பட்ட கொப்பை வெட்டி எரித்துவிட்டு, ஒரு வீத போடோ கலவை தெளிக்கலாம். பத்து லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் துருசு, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, துருசு நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் ஊற்றுங்கள், மாறி ஊற்றாதீர்கள். மினுக்கிய கத்தியை அதில் கொஞ்சநேரம் வைத்து எடுக்கும்போது செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதாது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தெளித்து முடிக்கவேண்டும்.

தேசியோடு கறிவேப்பிலை நடுகிற வழக்கம் நமது வளவுகளில் உண்டு. தேசி, தோடை மரங்களை வருடக்கணக்கில் மஞ்சளிக்க வைத்துக் கொல்லுகிற கிறீனிங் நோயைக் காவும் சிறுபூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் வாழும். வீட்டுக்கு ஒரு மரம் என்றால் பரவாயில்லை. விற்பனைக்கான தோட்டத்தின் வேலியோரம் முழுக்கக் கறிவேப்பிலை வேண்டாம்.

தோடம்பழம் நடலாமா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். ஏ9 ஓரக் கடைகளில் அடுக்கியிருக்கிற செம்மஞ்சள் தோடம்பழத்தில் பெரும்பங்கு இறக்குமதி. எகிப்துப் பழம் மாரி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரையும், தென்னாபிரிக்கப் பழம் அதன் பிறகும் வரும். மெழுகு பூசி, அளவு பிரித்து, 15 கிலோப் பெட்டியில் வருகிறது. நமது பிபிலைத் தோடை இனிப்பில் குறைந்ததில்லை. ஆனால் இரவுக் குளிர் இல்லாத இடத்தில் தோடை பழுத்தாலும் தோல் பச்சையாகவே நிற்கும். வாங்குபவர் காய் என்று நினைத்து விட்டுவிடுவார். சாறு பிழிகிற கடைக்கு வேண்டுமானால் விற்கலாம். நிறத்தில் போட்டிபோட்டு வெல்லமுடியாது. வன்னியில் காசுக்குத் தேசி, வீட்டுக்குத் தோடை என்பதே பொருத்தம்.

யானைத் தொல்லை உள்ள நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தவர்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. யானை இந்தக் குடும்பத்து மரங்களை விரும்பித் தின்பதில்லை. வஸ்கமுவைப் பக்கத்துக் கிராமங்களில் இதற்காகவே தோடை நட்டிருக்கிறார்கள். ஆனால் இடையில் வாழையோ தென்னையோ இருந்தால், அதைத் தேடி வருகிற யானை தேசியை மிதித்துக்கொண்டுதான் போகும்.

கன்று வாங்கும்போது லொறியில் கொண்டுவந்து "ஒரு வருடத்தில் காய்க்கும்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். விவசாயத் திணைக்களத்தில் பதிவுசெய்த நாற்றுமேடையில் ஒட்டுக் கன்றாக எடுங்கள். ஒட்டு இரண்டரை மூன்று வருடத்தில் காய்க்கத் தொடங்கும், விதைக் கன்றுக்கு நான்கு ஐந்து வருடம் செல்லும். ஒட்டின் தழும்பு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். இலையில் ஒரு சொறிப்புள்ளி இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம். ஐந்து மீற்றருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 160 மரம் வரும். கிடங்கு இரண்டடி நீளம், அகலம், ஆழம். மாரியில் தண்ணீர் தேங்குகிற காணி என்றால் ஓரடி மேட்டில் நடுங்கள். பாத்தித் தண்ணீர் அடிமரத்தைத் தொடாமல் மண் அணைத்துவிடுங்கள், தொட்டால் பிசின் வடிந்து பட்டை அழுகும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு எடுங்கள். கேட்பதற்கு முன் இலையின் இரண்டு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பதில் சுறுக்காகக் கிடைக்கும்.