ஆற்று மரத்தில் சுவர்ப் பலகையா? முதலில் காய விடுங்கள்

ஊட்டி, குன்னூரில் பழைய பங்களாவைப் புதுப்பிப்பவர்களுக்கு ஆற்றில் கிடந்த மரம் என்றால் தனி மோகம். மரத்தின் துவர்ப்பும் தண்ணீரில் இருக்கும் இரும்பும் சேர்ந்து கொடுக்கும் கருமை எந்த பாலிஷிலும் வராது, உண்மைதான். சேற்றுக்குள் காற்று இல்லாததால் பூஞ்சை அண்டாது, பாக்டீரியா அண்டும். அது முதலில் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அதை அறுத்துத் தள்ளிவிட்டு வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை மட்டும் வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் காகிதம். மிதந்தாலும் மூழ்கினாலும், உரிமை நிரூபிக்கப்படும்வரை அந்த மரம் வனச் சட்டப்படி அரசின் சொத்து. ஏல ரசீது, போக்குவரத்து அனுமதிச் சீட்டு இரண்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கரையேற்றிய அன்றே இரு வெட்டுமுனைகளிலும் மெழுகோ பெயிண்டோ கனமாகப் பூச வேண்டும். முனை முந்திக் காய்ந்தால் வெடிப்பு உள்ளே ஓடிவிடும். மில்லுக்குப் போகும்வரை ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். மணலைக் கழுவி, ஆணி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அறுவை. இழைத்து 20 மி.மீ. நிற்க வேண்டுமென்றால் 28 மி.மீ. அறுங்கள். பலகைகளுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேராக வரும்படி அடுக்கி, மேலே பாரம் ஏற்றி நிழலில் விடுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஊட்டி மழையில் அதுவும் போதாது.

அதனால்தான் பலரும் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக் காய வைக்கிறார்கள். அங்கேதான் வினை. சமவெளியில் 10 சதவீத ஈரத்துக்கு வந்த பலகையை மார்ச்சில் இறுக்கி அடித்தால், ஜூலையில் அது 16 சதவீதத்தைத் தொடும். தேக்கையே எடுத்துக்கொண்டால், ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் விரியும். 150 மி.மீ. பலகைக்கு 1.8 மி.மீ.; பத்தடிச் சுவரில் இருபது பலகைக்கு 36 மி.மீ.! போக இடமில்லாமல் நடுவில் புடைத்து எழும்பும். ஆசாரியைத் திட்டிப் பயனில்லை.

12 சதவீதத்துக்குக் காய்ந்த பலகையை, பொருத்தப்போகும் அறையிலேயே மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். ஈரம் அளக்கும் மீட்டரை முனையில் வைக்காமல், நடுவில் புதிதாக அறுத்த இடத்தில் குத்திப் பாருங்கள். கோடையில் பொருத்தினால் பலகையும் பலகையும் கோக்கும் ஒவ்வொரு காடியிலும் 2 மி.மீ. விடுங்கள். ஆணி ஒரு ஓரத்தில் மட்டும். மறு ஓரம் நகரட்டும். இரும்பாணி வேண்டாம், அதைச் சுற்றி நீலக்கறை படரும். ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை போதும்.

கருங்கல் சுவர் பின்னாலிருந்து ஈரம் விடும். 25 மி.மீ. ரீப்பர் அடித்து, மேலும் கீழும் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். முன்பக்கம் எத்தனை கோட்டிங்கோ, பின்பக்கமும் அத்தனை. சுவரில் ஏறிய பிறகு அந்தப் பக்கம் பிரஷ் போகாது.