பளபளவென்று பூசிய மரத்தளம் ஏன் ஒரே மழையில் உரிகிறது?

பொங்கல் முடிந்த கையோடு எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், போன வருஷம்தான் டெக்குக்கு பாலிஷ் போட்டோம். இப்போ பாம்புச் சட்டை மாதிரி உரியுது." சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நீலாங்கரையிலிருந்து கோவளம் வரை, மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் நீச்சல் குளத்தைச் சுற்றியும் மரத்தளம் போட்ட வீடுகள் இப்போது நிறைய. போய்ப் பார்த்தால் மரம் பெரும்பாலும் நல்ல மரமாகவே இருக்கும். ஆசாரியின் வேலையிலும் குறை இருக்காது. மேலே பூசிய பூச்சுதான் மரத்தைக் கெடுத்திருக்கும்.

மரத்துக்கு மெருகேற்றும் தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்களில் நானே அப்படி ஒரு தளத்தைக் கெடுத்திருக்கிறேன். உத்தண்டியில் ஒரு வீடு. தேக்குப் பலகை, சுமார் 300 சதுர அடி. "உள்ள டைனிங் டேபிள் மின்னுதே, அதே மாதிரி வேணும் தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. நானும் செப்டம்பர் கடைசியில், வீட்டுக்குள் அடிக்கும் அதே பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷை, காய்ந்ததும் மேலே கண்ணாடிப் படலமாக இறுகுவதை, மூன்று கோட் அடித்தேன். முடித்த அன்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கார்த்திகையில் திருகாணித் தலைகளைச் சுற்றிப் பால் கொட்டியது போல வெளுத்தது. மார்கழியில் விரலால் நெம்பினால் ஏடு ஏடாகக் கையோடு வந்தது. மழை விட்டு மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகும் அந்த ஏட்டுக்கு அடியில் மரம் கறுத்து, நைந்து, பூஞ்சண வாடை அடித்தது.

தண்ணீர் உள்ளே போனது அங்கே பெரிய கேடு இல்லை. போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லாமல் நான் மூடி வைத்ததுதான் கேடு.

மரம் காற்றோடு எப்போதும் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். வெட்டி, அறுத்து, இழைத்த பிறகும் அது நிற்காது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருக்கும் இடத்தில் கிடக்கும் மரம், தன் எடையில் ஏறக்குறைய 13 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். காற்று 90 சதவீதத்துக்குப் போய் அப்படியே சில வாரங்கள் நின்றால் மரமும் 20 சதவீதத்தை எட்டும். மரத்தைத் தின்னும் பூஞ்சைகள் பிழைப்பதற்கு இந்த 20 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரம் வேண்டும். ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் பருக்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. ஐந்தரை அங்குலத் தேக்குப் பலகைகூட மழைக்காலத்தில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அகலம் கூடும், பங்குனி வெயிலில் மறுபடி சுருங்கும். மேலே கண்ணாடி போல இறுகிக் கிடக்கும் பூச்சு இந்த இழுபறியை எத்தனை நாள் தாங்கும்? திருகாணி ஓட்டையிலோ பலகையின் வெட்டு முனையிலோ முதலில் மயிரிழை விரிசல் விடும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். பிறகு வெயில் அடிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்த்து, பூச்சை அடியிலிருந்து தள்ளும்.

வெயிலின் சேட்டை வேறு. மர இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையான லிக்னினைப் புறஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. கவனிக்காமல் விட்ட தேக்கு சாம்பல் நிறமாவது அதனால்தான். நிறமே இல்லாத கிளியர் கோட் இந்தக் கதிரைத் தடுப்பது மிகக் குறைவு. பூச்சு நன்றாக இருக்கும்போதே அதற்கு அடியிலுள்ள மர இழை பொடியாகிவிடும், பிடிப்பு போன பூச்சு தானாக உரியும். ஆகவே, "மர ரேகை அப்படியே தெரியணும், கலரே வேண்டாம்" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவேன். வெளியில் கிடக்கும் மரத்துக்குக் கொஞ்சமாவது நிறமி வேண்டும். ரேகை தெரியும் அளவுக்குத் தேன் நிறமோ, காவி கலந்த பழுப்போ இருந்தால் போதும். அந்த நிறமிதான் மரத்துக்குக் குடை.

நம் கடற்கரைக்கு நான் இப்போது பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று: மேலே படலமாகப் படியாமல் மரத்துக்குள் ஊறிப் போகிற, நிறமியும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த, வெளிப்புறத்துக்கென்றே செய்த டெக் ஆயில் வகை ஸ்டெயின். இது மின்னாது. ஆனால் உரிவதற்கு இதில் ஏடும் கிடையாது. வெளுத்துத் தேயும், அவ்வளவுதான். தேய்ந்த இடத்தில் கழுவி மறுபடி பூசிக்கொள்ளலாம், சுரண்ட வேண்டாம். மெலமைன் பாலிஷ், வீட்டுக்குள் அடிக்கும் பி.யூ., அரக்குக் கரைத்த பிரெஞ்ச் பாலிஷ் மூன்றையும் மழை படும் மரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். செலவு மிச்சம் என்று வெறும் லின்சீட் (ஆளி விதை) எண்ணெயைத் தடவுவதும் நம் ஊருக்கு ஒத்துவராது. அது பூஞ்சணத்துக்குத் தீனி, ஒரே மழைக்காலத்தில் தளம் முழுக்கக் கரும்புள்ளி பூத்துவிடும்.

இதைச் சொன்னால் காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் கேட்பார்கள்: "எங்க வீட்டு பர்மாத் தேக்குத் தூண் தாத்தா காலத்துல போட்டது, அதுக்கு யார் சார் வருஷா வருஷம் ஸ்டெயின் அடிச்சாங்க?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தூண் கூரைக்கு அடியில், கல்லின் மேல் நிற்கிறது. மழையும் உச்சி வெயிலும் அதன் மேல் படுத்துக் கிடப்பதில்லை. மரத்தளத்துக்கு உவமை தேட வேண்டுமானால் படகைப் பார்க்க வேண்டும். நம் கரையோரத்தில் மரப் படகு வைத்திருந்தவர்கள் மீன் எண்ணெயோ, முந்திரிக் கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயோ, புன்னை எண்ணெயோ கொண்டு கட்டையை ஊற வைத்தார்கள். தேயத் தேய மறுபடி பூசினார்கள். மூடி முத்திரை வைக்கவில்லை.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் வைரம் பாய்ந்த மரம் இல்லை. வைரம் என்பது மரத்தின் முற்றிய நடுக்கட்டை. பலகையின் ஓரத்தில் வெளிறிய கோடு தெரிந்தால் அது வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் முற்றாத வெளிக்கட்டை. வைரத்துக்குள்ள எதிர்ப்பு அதற்குக் கிடையாது, கரையானும் பூஞ்சையும் முதலில் தேடி வருவது அதைத்தான். எந்த எண்ணெயும் அதை வைரமாக்காது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் சந்தும், அடியில் காற்றோட்டமும், தண்ணீர் வடிய வாட்டமும் இல்லாத தளத்துக்கு என்னை அழைத்தால், முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

எப்போது பூசுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். சென்னைக்கு வருடத்தில் விழும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மழை வருமுன் பூசிவிட வேண்டும் என்று செப்டம்பரில் அவசரப்படுவார்கள். அப்போது மாலையில் இடியோடு மழை பெய்துகொண்டிருக்கும், மரமும் காய்ந்திருக்காது. நான் தை கடைசியிலிருந்து பங்குனி வரை மட்டுமே புதுத்தளம் எடுப்பேன். மழைக்கால ஈரம் இறங்க மரத்துக்குச் சில வாரங்கள் கொடுத்து, ஈரம் அளக்கும் மீட்டரை நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்து, 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் டப்பாவைத் திறப்பேன். மீட்டர் இல்லாதவர்கள் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் பூச்சு இறங்கும். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சோ, இழைப்பில் ஏறிய மினுக்கோ இன்னும் போகவில்லை.

நாளில் எந்த நேரம் என்பதும் உண்டு. விடிகாலையில் பலகையில் பனி ஈரம் இருக்கும். உச்சியில் தளம் வெறுங்கால் வைக்க முடியாமல் கொதிக்கும். அந்தச் சூட்டில் பூசினால் எண்ணெய் இறங்குமுன் மேலேயே இறுகி, பிரஷ் கோடு கோடாகத் தெரியும். கத்திரி வெயிலில் நான் வேலையே எடுப்பதில்லை. மற்ற நாளில், பனி உலர்ந்த பிறகு நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து பூசுவோம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் புதிதாக ஆரம்பிக்க மாட்டோம். இரவுப் பனி ஈரப் பூச்சின் மேல் இறங்கினால் காலையில் வெண்படலம் பூத்திருக்கும்.

கழுவும் வேலைக்கு வருகிறேன். இங்கேதான் உயிருக்கு ஆபத்தான ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பாசி போக பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்து, அது போதவில்லை என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் மேலே ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். திறந்த வெளிதானே என்று நினைக்காதீர்கள், குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்கு அது அரை அடி தூரம். என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி இப்படி மூச்சு முட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மரத்துக்கும் பிளீச்சிங் பவுடர் நல்லதில்லை, இழையைப் பஞ்சாக்கிவிடும். சோடியம் பெர்கார்பனேட் கலந்த மர கிளீனரைத் தண்ணீரில் கரைத்து, நைலான் பிரஷால் ரேகை போகும் திசையிலேயே தேய்த்தால் போதும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினைக் கிட்டத்தில் பிடித்தால் மிருதுவான இழையெல்லாம் பிய்ந்து எழுந்து நிற்கும்.

இரும்புத் திருகாணியைச் சுற்றி நீலக் கறுப்பாகக் கறை இருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். கையுறை கட்டாயம், அது விஷம். குழந்தையும் நாயும் அந்தப் பக்கம் வரக்கூடாது, நன்றாகக் கழுவிவிட வேண்டும். இதையும் பிளீச்சோடு கலக்கவே கூடாது. கறை திரும்பாமல் இருக்கத் திருகாணியையே மாற்றுங்கள். கடற்கரையில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுகூட உப்புக் காற்றில் புள்ளி போடும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

காய்ந்த பிறகு 60 அல்லது 80ஆம் நம்பர் உப்புத்தாள். மேஜைக்குத் தேய்ப்பது போல 220 வரை போய் வழவழப்பாக்கினால் துவாரங்கள் அடைபட்டு எண்ணெய் இறங்காது. தேய்க்கும் பையன்களுக்கு முகத்தில் கைக்குட்டை கட்டி விடுவதோடு நம் ஆட்கள் முடித்துக்கொள்கிறார்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே உறுதியான பட்டியலில் வைத்துவிட்டது. பாதிக்கப்படுவது மூக்கின் உட்புறம். எப்போதாவது ஒரு நாள் தேய்க்கும் வீட்டுக்காரரைவிட, தினமும் தேய்க்கும் அந்தப் பையன் சுவாசிப்பது பல மடங்கு. தூளை வடிகட்டும் என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வேலைக்கு ஆள் பேசும்போதே அதைக் கேளுங்கள்.

பூசுவது உண்மையில் எளிது. புதுத்தளமானால் பலகையை முடுக்குவதற்கு முன்பே அடிப்பக்கமும் பக்கவாட்டும் சேர்த்து ஆறு முகத்திலும் பூச வேண்டும். வெட்டு முனை உறிஞ்சுகுழல் மாதிரி, அங்கே இரண்டு மூன்று தடவை கொடுங்கள். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் நம் ஈரக் காற்றில் வாரக்கணக்கில் பிசுபிசுவென்று கிடந்து தூசியைப் பிடிக்கும். தேக்குக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை: அதன் சொந்த எண்ணெயே பூச்சை உலரவிடாது, எனவே பூசுமுன் தின்னர் துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடுவோம்.

அந்தத் துடைத்த துணி. தயவுசெய்து இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். லின்சீட் போன்ற எண்ணெய்கள் தண்ணீர் மாதிரி ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகின்றன. அப்போது வெப்பம் பிறக்கும். பலகையில் பரவிக் கிடக்கும்போது அந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும். அதே எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி மூட்டையில் திணித்தால் சூடு உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி எதுவும் இல்லாமல் தானாகப் பற்றும். புதுச்சேரியில் ஒரு வேலையிடத்தில் ஸ்டோர் ரூமில் கட்டிப் போட்டிருந்த மூட்டை ராத்திரி பதினொரு மணிக்குப் புகைய ஆரம்பித்தது. பக்கத்தில் ஐந்து லிட்டர் தின்னர் கேன். காவலுக்கு இருந்த பெரியவர் வாடை பிடித்து வெளியே இழுத்துப் போட்டதால் வீடு தப்பியது. அதிலிருந்து என் ஆட்கள் யாரும் எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைப்பதில்லை. வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, அட்டை போல விறைத்த பிறகே குப்பைக்குப் போகும். அதற்கு நேரமில்லை என்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வைப்போம்.

நல்ல வெயில் படும் தளத்துக்கு நம் கடற்கரையில் வருடம் ஒரு முறை மேல்பூச்சு வேண்டும். ஐந்து வருஷம் தாங்கும் என்று யாராவது சொன்னால், சுவருக்கா கூரையில்லாத தளத்துக்கா என்று கேளுங்கள். பூந்தொட்டிகளை நேரே பலகையில் வைக்காமல் சின்னக் கால் கொடுத்து உயர்த்தி வையுங்கள், தொட்டிக்கு அடியில்தான் முதல் சொத்தை விழும்.

உத்தண்டி வீட்டுத் தளத்தை அடுத்த தை மாதமே என் செலவில் சுரண்டினேன். நான்கு பேர், ஆறு நாள். கறுத்த பலகைகளில் ஏழு தேறவில்லை, மாற்றினோம். பிறகு ஊறும் எண்ணெய் பூசினோம். மின்னவில்லையே என்று அந்த அம்மாவுக்கு முதல் வருடம் குறைதான். இப்போது பொங்கல் கழிந்ததும் அவரே ஒரு சொம்புத் தண்ணீரைத் தளத்தில் தெளித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார்: "மேற்கு ஓரத்துல தண்ணி முத்தா நிக்கலை தம்பி, குடிக்க ஆரம்பிச்சிடுச்சு. எப்ப வர்றே?"